கை மாறிய வளையல்கள்

இன்று திண்டுக்கல்லில் எனக்கு மூன்று பிரியாணிக் கடைகள். படித்ததோ மூன்றாம் வகுப்பு. எப்பேர்ப்பட்ட ஆளையும் பேசியே வழிக்குக் கொண்டுவரும் சாமர்த்தியம் எனக்கு எட்டு வயதிலேயே வந்துவிட்டது. சந்தேகம் இருந்தால் என் சித்தியைக் கேளுங்கள்.

சித்தியை ரெட்டியார்சத்திரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். குழாயில் தண்ணீர் வந்தாலே அங்கே திருவிழாதான். அண்டா, தொட்டி எல்லாம் நிரப்பி வைப்பார்கள். கொசுவும் அதிலேயே குடித்தனம் நடத்தும். ஏழாம் மாதத்தில் சித்திக்குக் காய்ச்சல் அனலாய் அடித்தது. வளைகாப்புக்கு முதல்நாள் உடம்பு குளிர்ந்ததும், 'எல்லாம் சரியாப்போச்சு' என்று அவள் மாமியார் தீர்ப்புச் சொல்லி, மறுநாள் முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்கிவிட்டார். நான் மூன்றாவது தடவையாகப் புளிச்சோறு வாங்கிக்கொண்டிருந்தபோது, சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா வார்டே அதிரக் கத்தினார்.

"காய்ச்சல் விட்ட பெறகுதான்மா டெங்கு ஆளைச் சாய்க்கும்! தாய்க்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து. கை வீங்குது, வளையலைக் கழட்டுங்க."

"புள்ள பெறக்காம கழட்டக் கூடாது தாயி," என்றார் மாமியார்.

"அப்ப உடைச்சிரவா? கீறுச்சுன்னா ரத்தம் நிக்காது, பாத்துக்கங்க!"

இருவரும் முறைத்துக்கொண்டு நிற்க, நடுவில் நான் புகுந்தேன்.

"எனக்குப் போட்டுவிடுங்க. நம்ம வீட்டுக் கையிலதான இருக்கும்? புள்ள பெறந்ததும் கழட்டிக்கிருவோம்."

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏண்டி, இம்புட்டு வாயை எங்கிட்டு வச்சிருந்த?"

சோப்பு நுரையில் வழுக்கி ஒவ்வொரு வளையலாக என் கைக்கு வந்தது. எல்லாம் தொளதொள. கையைத் தொங்கவிட்டால் கழன்றுவிடும் என்பதால், போலீசிடம் சிக்கிய திருடனைப்போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன். சித்திக்கு ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

"புள்ள அசையுதா?" என்றார் நர்சம்மா.

"காலையிலருந்து காணோம்க்கா," என்ற சித்தி, என்னைப் பார்த்தாள். "ஏடி, இங்கிட்டு வா. வயித்துப் பக்கத்துல வளையலை ஆட்டு."

ஆட்டினேன். வார்டில் இருந்தவர்கள் இமைக்காமல் பார்த்தார்கள். நம் வித்தையில் எல்லோரும் சொக்கிப்போனார்கள் என்று எனக்கு ஒரே பெருமை. இடுப்பையும் சேர்த்து ஆட்டினேன். திடீரென்று சித்தியின் வயிறு ஒரு பக்கமாகப் புடைத்து அடங்கியது. மாமியார் ஓவென்று அழுதார். சித்தியும் அழுதாள். அம்புட்டு அதட்டல் போட்ட நர்சம்மாகூட முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தார்.

ஆட்டம் அவ்வளவு மோசமாகவா போய்விட்டது? எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இருங்க, இன்னொருக்கா நல்லா ஆடுறேன்," என்றேன்.