அம்மன் ஏறிய லொறி

பிள்ளைகளே, நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவன் திருத்திப் படித்துக் காட்டட்டும்.

போன வாரம் சின்னவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், தோளிலிருந்து பையைக்கூடக் கழற்றாமல் என்னிடம் கேட்டாள்: "அப்பா, நான் அம்மாவத் தின்னுட்டுப் பொறந்தவளா?" யாரோ ஒரு பிள்ளை சண்டையில் சொல்லியிருக்கிறது. இல்லை என்று சொன்னேன். அப்படியானால் என்னதான் நடந்தது என்று மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தீர்கள். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நம்முடைய தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனுக்கு ஆட்டோ ஏறாது. மடுல்சீமையிலிருந்து வரும் தார் ரோடு கீழ் டிவிசனோடு முடிந்துவிடும். அதற்கு மேலே கல்லும் பள்ளமுமான பாதையில் ஏறி இறங்கியது தோட்டத்துக் கொழுந்து லொறி ஒன்றுதான். பறித்த கொழுந்தை ஃபெக்டரிக்குக் கொண்டுபோவதும் அதுதான், காய்ச்சல்காரரையும் பிள்ளைத்தாய்ச்சியையும் ஆஸ்பத்திரிக்கு இறக்குவதும் அதுதான். வருடத்தில் ஒரு நாள், மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாளில், அதே லொறிதான் அம்மனுக்குத் தேர். மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டி, பல்பு மாலை போட்டு, அம்மனை ஏற்றிவிட்டால், நாம் குடியிருக்கும் லயங்களையெல்லாம் சுற்றி வந்து இறக்கும்வரை தீட்டு உள்ளவர்கள் யாரும் அந்த லொறியை அண்டக்கூடாது. அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. எங்களுக்குள்ளே ஊறிப் போனது.

சின்னவள் வயிற்றில் இருந்தபோது, மலையேறி வந்து பார்க்கும் மிட்வைஃப் மிஸ் உங்கள் அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

"இது மூணாவது புள்ள. ஒடம்புல ரத்தமும் கொறவு. பெறுற நாளுக்கு ரெண்டு கிழமை முந்தியே பதுளை ஆஸ்பத்திரியில வந்து படுத்துருங்க. வலி கண்டப்பொறம் எறங்கிக்கலாம்னு இருந்துராதீங்க."

"திருவிழா முடிஞ்ச மறுநாளே வந்துர்றேன் மிஸ். மாவிளக்கு போடணும், நேந்துருக்கேன்."

"மாவிளக்க ஒங்க வீட்டுக்காரரப் போடச் சொல்லுங்க."

"அவரு போட்டா ஆத்தா தோட்டத்த விட்டே ஓடிரும் மிஸ்."

மிஸ் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே, "பேசிப் பேசி என்ன ஏமாத்தாதீங்க" என்றார். உங்கள் அம்மா நேர்ந்திருந்தது எதற்காக என்று அவரிடம் சொல்லவில்லை. சுகமாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மாவிளக்கு.

எனக்கு அப்போதும் பண்டாரவளையில் மரக்கறிக் கடையில்தான் வேலை. திருவிழாவுக்கு லீவு போட்டு வந்திருந்தேன். கடைசி நாள் மத்தியானம் சாப்பாடு முடிந்து, தப்பு அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். அம்மன் லொறியில் ஏறியாகிவிட்டது. அந்த நேரத்தில் அம்மாவுக்கு வலி வந்து, தண்ணீர்க்குடமும் உடைந்துவிட்டது.

சொல்லி அனுப்பியதும் டிரைவர் அண்ணன் ஓடி வந்தார். "தங்கச்சியத் தூக்குங்க. அம்மன ஓரமா நகத்தி வச்சுக்கிருவோம்."

பூசாரியும் பின்னாலேயே வந்தார். "ஏத்துங்கப்பா, ஆத்தாவும் பொம்பளதானே. கோவிக்க மாட்டா. பரிகாரத்த நான் பாத்துக்கிறேன்."

நான் போய் அம்மாவின் கையைப் பிடித்தேன். அவள் கதவு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தத் தீட்டு ஒடம்போட ஆத்தா பக்கத்துல போயி ஒக்காரச் சொல்றீங்களா? எம் புள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா?"

"பூசாரியே ஒண்ணும் ஆகாதுங்குறாரு."

"பூசாரிக்கா வயித்துல புள்ள இருக்கு?"

பக்கத்தில் நின்ற பெண்கள் ஒருவரும் அவளை மறுத்துப் பேசவில்லை. உங்கள் அம்மாச்சி என்னைப் பார்த்து, "அவ சொல்றது ஞாயந்தான் மாப்ள. சாமிய இப்ப எறக்குனாலும் தோட்டத்துக்கே ஆகாது" என்றார். இதில் ஒருவரும் கெட்டவர் இல்லை, பிள்ளைகளே. எல்லோருக்கும் உங்கள் அம்மா பிழைக்க வேண்டும். அவளுக்கோ, பிள்ளை பிழைக்க வேண்டும்.

ஒருவன் சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஏறி அம்புலன்ஸுக்குச் சொன்னான். தார் ரோடு முடியும் இடம்வரை வருவார்கள் என்று கத்தினான். ஒரு நாற்காலிக்கு இரண்டு கம்பு கட்டி அம்மாவை உட்கார வைத்து, தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் தூக்கிக்கொண்டு இறங்கினோம். மூடுபனியாக மிஸ்டு வேறு அடைத்துக்கொண்டு வந்தது. முன் கம்பைப் பிடித்தவன் மூச்சு வாங்கிக்கொண்டு, "மச்சான், கொழுந்துச் சாக்கு இத விட லேசுடா" என்றான்.

"கொழுந்துச் சாக்கத் தூக்குற மாதிரி கீழ போட்டுராதீங்கண்ணே" என்றாள் அம்மா, வலியோடு. அப்போதும் அவளுக்கு அந்த வாய் இருந்தது.

பாதி வழியில், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில், இனி முடியாது என்று இறக்கச் சொன்னாள். பெண்கள் சேலையைப் பிடித்து மறைத்து நின்றார்கள். சின்னவளே, நீ அங்கேதான் பிறந்தாய். பிறந்ததும் அழுதாய். "கோயில் லவுட்ஸ்பீக்கரத் தோக்கடிச்சிருவா போல" என்று அம்மாச்சி சொன்னதற்கு எல்லோரும் சிரித்தோம். உன் அம்மாவும் சிரித்தாள். உன்னை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தாள். நெற்றியைத் தடவினாள். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். நீ நன்றாக நினைவில் வைத்துக்கொள்.

அதற்குப் பிறகுதான் ரத்தம் நிற்கவில்லை.

சேதி கிடைத்து, கீழேயிருந்து மிட்வைஃப் மிஸ் ஓடி ஏறி வந்து சேர்ந்தார். அம்மாவின் வயிற்றை அமுக்கிப் பிடித்தபடியே, "தூக்குங்க, நிக்காதீங்க, நடங்க" என்று கத்திக்கொண்டு கூடவே இறங்கினார். நடுவில் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். மிஸ்டுக்குள்ளே, மேலே, பல்பு வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தது.

"அங்க லொறி நிக்குதே?"

தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள்.

"ரிப்பேரா?"

"இல்லைங்க மிஸ். அம்மன் ஏறியிருக்கு" என்றேன்.

அவர் அமுக்கிய கையை எடுக்காமலே இறங்கினார்.

"குளிருதுங்க" என்றாள் அம்மா. என் சட்டையைக் கழற்றிப் போர்த்தினேன். "புள்ளைய மூடிட்டீங்களா?" என்று கேட்டாள். மூடியிருக்கிறோம் என்றேன். அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான். அம்புலன்ஸ் காத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பதுளைக்குப் போகும் வழியில், பசறை வருவதற்கு முன்பே அவள் போய்விட்டாள்.

பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணுக்கும் இப்படி ரத்தம் போகலாம், ஆஸ்பத்திரியில் இருந்தால் நிறுத்த மருந்தும் வழியும் இருக்கிறது என்று பதுளையில் டாக்டர் சொன்னார். கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே என்றும் சொன்னார். லொறியில் போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று நடுவில் உள்ளவள் கேட்டாளே, எனக்குத் தெரியாது மகளே. பிழைத்திருப்பாள் என்று நினைத்தாலும் தூக்கம் வருவதில்லை, பிழைத்திருக்க மாட்டாள் என்று நினைத்தாலும் வருவதில்லை.

ஒவ்வொரு வருடமும் திருவிழாக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினேன். அம்மனைத் தோளில் சுமப்போம், அவசரத்துக்கு என்று லொறியைச் சும்மா நிறுத்தி வைப்போம் என்றேன். "சாமி காரியத்துல ஒங்க வீட்டுத் துக்கத்தக் கலக்காதீங்க" என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். விடாமல் பேசினேன். போன வருடம்தான் ஒத்துக்கொண்டார்கள். அம்மன் தோளில் போனது. லொறி அன்று முழுவதும் கோயிலடியில் வெறுமனே நின்றது. நான் போய் அதன் பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பின் வந்த மழையில் மண் சரிந்து பாதையையே கொண்டுபோய்விட்டது. வந்து பார்த்தவர்கள் படம் எடுத்தார்கள். இது தோட்டத்துப் பாதை என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள், அரசாங்கம் போட வேண்டிய பாதை என்று மறு பக்கம். லொறி இப்போது கீழ் டிவிசனோடு நின்றுவிடுகிறது. கொழுந்தைச் சுமந்து இறக்குகிறோம். மிஸ் இன்னும் நடந்தே ஏறி வருகிறார். பதுளையிலும் தெமோதரையிலும் சொந்தக்காரர் உள்ள பெண்கள் முன்கூட்டியே இறங்கிவிடுகிறார்கள்.

நம் லயத்தின் கடைசிக் காம்பரா வீட்டில் இருக்கும் அக்காவுக்கு இது எட்டாம் மாதம். கீழே யார் இருக்கிறார்கள் என்று மிஸ் கேட்டார். யாரும் இல்லையாம். ஆஸ்பத்திரியில் முன்னாலேயே வந்து படுக்கலாமே என்றதற்கு, "இந்த ரெண்டு சின்னதுகள யாருகிட்ட விட்டுட்டுப் படுக்கிறது மிஸ்?" என்று கேட்டாள்.

நேற்று அவளுடைய புருஷன் வந்து வாசலில் நின்றான். "அண்ணே, தூக்குறதுக்கு ஆள் பத்தாது. அடுத்த மாசம் நீங்க இங்க இருப்பீங்களா?"

கடையில் லீவு கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.