மூன்றாவது மணி

முன்னறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. முதலில் ஒரு காசு உள்ளே உருண்டு விழும் ஒலி. பிறகு கைப்பிடியை இழுக்கும் முனகல். பிறகு சக்கரங்கள் சுழன்று ஒவ்வொன்றாக நிற்கும் டக், டக், டக்.

அடுக்களையில் கெட்டிலும் கையுமாக நின்ற ஹில்டா டிரான்மர் ஒரு கணம் கண்களை மூடிக்கொண்டாள்.

"தொட்டுட்டான்," என்றாள். "தொடாம இருக்க அவனால முடியாது."

"நான் போய் இந்த வெந்நியை அவன் தலையில கொட்டிட்டு வரட்டுமா?" என்றாள் எட்னா. அந்தக் காலத்தில் கடற்கரை விளையாட்டுக் கூடத்தில் பிங்கோ ஆட்டத்துக்கு எண்களைக் கூவியவள் அவள். கிசுகிசுத்தாலே துறைமுகம் வரை கேட்கும்.

"வாயை மூடுடி! நான் கூப்பிடற வரைக்கும் ரெண்டு பேரும் இங்கேயேதான் இருக்கணும். கதவு இப்படியே ஒருக்களிச்சு இருக்கட்டும்."

நான் ஹில்டாவின் பக்கத்து வீட்டுக்காரி. இங்கிலாந்துக் கடலோரத்து இந்தப் பிரிட்லிங்டன் ஊரில் அவளோடு சேர்ந்து சிரித்ததைவிடச் சேர்ந்து அழுததுதான் அதிகம். முன்னறையில் இருப்பது யார் என்று எனக்குத் தெரியும். அவன் ரெஜினால்ட் ஸ்டாதர், ஊருக்கு ரெஜ். ஹில்டாவின் கணவன் வில்ஃப் செத்தபோதுகூட இந்தத் தெருவை எட்டிப் பார்க்காத மனிதன்.

ரெஜ்ஜின் அப்பா நடத்திய, கடலைப் பார்த்த ஸ்டாதர் கூடத்தில்தான் ஹில்டாவின் இளமை கழிந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சில்லறை மாற்றிக் கொடுப்பாள். பழுப்பேறிய பெரிய பென்னிக் காசுகளை அள்ளி அள்ளி அவள் விரல் நுனிகள் கறுத்துக் கிடக்கும். என்னதான் சோப்புப் போட்டாலும் அன்று அவள் தின்னும் ரொட்டி வரை செம்பு வாசம் வீசும். அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டுதான் வில்ஃப் தன் காதலைச் சொன்னான். அவன் அங்கே மெக்கானிக். காசு போட்டு இழுக்க வரிசையாக நின்ற பழ மெஷின்கள் எல்லாம் அவன் கைப்பழக்கத்தில் ஓடின. சக்கரங்களில் செர்ரி, பிளம், எலுமிச்சை, வெண்கல மணி என்று படங்கள் சுற்றிச் சுற்றி வரும். மூன்று மணிகள் ஒரே கோட்டில் நின்றுவிட்டால் காசு மழை கொட்டும். ஆனால் அந்தக் கோடைக்காலம் முழுவதும் யாருக்கும் மூன்று மணி விழவில்லை.

வில்ஃப் ஒரு காலை மெஷினைத் திறந்து பார்த்தான். மூன்றாவது சக்கரத்தின் பல்லில், நகத்தளவு பிறை போல ஒரு பித்தளைத் துண்டு மாட்டியிருந்தது. தொழிலில் அதற்குப் பூச்சி என்று பெயர். அது இருந்தால் சக்கரம் மணியில் நிற்காது, தாண்டிப் போய்விடும். "சாயங்காலத்துக்குள்ள இதையெல்லாம் எடுத்துடுங்க, இல்லேன்னா நானே வெளியில சொல்லிடுவேன்" என்று முதலாளி மகன் ரெஜ்ஜிடம் சொல்லியிருக்கிறான் அந்த அப்பாவி.

சாயங்காலம் ரெஜ் முந்திக்கொண்டான். விடுமுறைக் கூட்டத்தின் நடுவே ஒரு நாற்காலியில் ஏறி நின்று பித்தளைத் துண்டைத் தூக்கிக் காட்டினான். "இதோ பாருங்க, எங்க மெக்கானிக் பண்ணின வேலை!" என்றான்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு கடற்கரையில் ஒருவரும் வில்ஃபுக்கு வேலை கொடுக்கவில்லை. துறைமுகத்தில் நண்டுப் பெட்டி சுமந்தே முதுகு ஒடிந்தான். அவன் நடந்து போனால் பையன்கள் பின்னால் தகர டப்பாவில் காசைப் போட்டுக் குலுக்குவார்கள். அவனைப் புதைத்த அன்று சவப்பெட்டியின் மேல் யாரோ ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தோற்றவனுக்கு விழும் பழம்! அதைக் கையில் எடுத்த ஹில்டா அன்று அழவே இல்லை. அப்போதே எனக்குப் பயமாக இருந்தது.

அவள் தேநீரை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். கதவிடுக்கில் நாங்கள் இரண்டு கிழவிகளும் கண்ணை வைத்தோம்.

"நேரா விஷயத்துக்கு வரேன் ஹில்டா," என்றான் ரெஜ். நல்ல கோட்டு, பளபளக்கும் வழுக்கை. "ஈஸ்டருக்கு மண்டபத்துல கண்காட்சி வைக்கிறோம். பழைய கடற்கரை அப்படியே திரும்பி வரப்போகுது. மேயரே வந்து முதல் காசைப் போடறார். எங்கப்பா பேரு எழுதின மெஷின் இது ஒண்ணுதான் மிச்சம். இது இல்லேன்னா என்னை அங்க யாரு மதிப்பா?"

பழைய பென்னி செல்லாமல் போய்ப் புதுக் காசு வந்த வருடம் பழைய மெஷின்களை எல்லாம் கூடத்தின் பின்புறம் குப்பையாகக் கொட்டினார்கள். அதில் ஒன்றைத்தான் வில்ஃபும் ஹில்டாவும் குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வண்டியில் படுக்க அவர்களுக்குக் குழந்தை பிறக்கவே இல்லை.

"விலைக்குத் தரமாட்டேன்," என்றாள் ஹில்டா. "விளையாடி எடுத்துக்குங்க. அந்தக் கிண்ணத்துல பழைய பென்னி இருக்கு. தீர்றதுக்குள்ள மூணு மணி விழுந்தா நீங்களே தூக்கிட்டுப் போங்க."

"இந்த வயசுல என்ன விளையாட்டு?"

"ஊரையே ஆட வெச்ச விளையாட்டுதானே? நியாயமான மெஷின்னு வாசல்ல பலகை வேற மாட்டியிருந்தீங்க."

அவன் முகத்தில் ஒரு நிழல் ஓடியது. ஆனால் கண்ணாடியில் தங்க எழுத்தில் அவன் அப்பா பெயர் மின்னிக்கொண்டிருந்தது. கையை நீட்டிக் காசை எடுத்தான்.

டக், டக், டக். எட்னா என் தோளில் சாய்ந்து சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள். மழையில் நனைந்த கம்பளிக் கோட்டுகள், டோனட் பொரியும் எண்ணெய், வாசலில் காசு போட்டதும் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும் மாலுமி பொம்மை என்று எங்கள் வயதெல்லாம் அந்த ஒரு சத்தத்துக்குள் அல்லவா இருந்தது! அதையும் சேர்த்துத்தானே இந்த மனிதன் பொய்யாக்கினான்?

பிளம் விழுந்தது. செர்ரி விழுந்து இரண்டு காசைத் துப்பியது. ரெஜ் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினான். நெற்றி வியர்த்தது. ஹில்டா எதிரே உட்கார்ந்து, தேநீரைக்கூடத் தொடாமல், அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது முதல் சக்கரத்தில் மணி நின்றது. இரண்டாவதிலும் மணி. மூன்றாவது தயங்கித் தயங்கிச் சுழன்றது. மணி கண்ணாடிக்கு நேரே வந்தது, நகர்ந்தது, எலுமிச்சை நின்றது.

ரெஜ் மெஷினை ஓங்கி அறைந்தான். "இது ஏமாத்து! கிண்ணம் கிண்ணமா கொட்டினாலும் மூணாவதுல மணி நிக்காது!"

"ஏன் நிக்காது?"

"பூச்சி இருக்குதே, எப்படி நிக்கும்?"

"அன்னிக்கு நாற்காலி மேல ஏறி வெறும் துண்டைத்தானே காட்டினே? எந்தச் சக்கரம்னு சொல்லவே இல்லையே. இந்த மெஷினை நீ திறக்கக்கூட இல்லையே. மூணாவதுலன்னு உனக்கு எப்படித் தெரியும்?" இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஹில்டா அவனை நீ என்றாள். "சொல்லு ரெஜ். வெச்சது வில்ஃபா?"

அவன் கை மெஷினை விட்டு இறங்கியது.

"நான்தான்," என்றான் கடைசியில். "நான்தான் வெச்சேன், போதுமா? எல்லா மெஷின்லயும். அவன் வெளியில சொல்லிடுவேன்னான். நான் வேற என்ன பண்றது? அதெல்லாம் இப்ப யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"எனக்கு இருக்கு!" கதவைத் தள்ளிக்கொண்டு எட்னா உள்ளே பாய்ந்தாள். நானும் பின்னால் போய் நின்றேன். ரெஜ்ஜின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

ஹில்டா மெஷினின் பின்கதவைத் திறந்தாள். மூன்றாவது சக்கரத்தின் பற்கள் சுத்தமாக இருந்தன. பிறகு ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு நூலை வெளியே இழுத்தாள். அதன் நுனியில் நகத்தளவு பித்தளைப் பிறை தொங்கியது.

"வீட்டுக்குக் கொண்டாந்த அன்னிக்கே வில்ஃப் இதைக் கழட்டிட்டான். நம்ம வீட்டுல பொய் மெஷின் வேண்டாம்னான். நீ இழுத்தது நேர்மையான சக்கரம், ரெஜ். பொறுமையா இழுத்திருந்தா விழுந்தாலும் விழுந்திருக்கும். உனக்குத்தான் நம்பிக்கை வரலை."

அவன் பார்வை கிண்ணத்துக்குப் போனது. அடியில் இன்னும் காசு கிடந்தது. நம்பமாட்டீர்கள், அந்த நிலையிலும் அவன் கை மெல்ல நீண்டது! ஹில்டா கிண்ணத்தை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டாள்.

"ஈஸ்டர் அன்னிக்கு மட்டும் இதைச் சொல்லிடாதீங்க," என்று அவன் குழறினான். "மேயர் வர்றார். என் பேரப்பசங்க வர்றாங்க."

"வரட்டும், நல்லா வரட்டும்," என்றாள் எட்னா. "அன்னிக்கு மைக்கு யார் கையிலன்னு நினைச்சே? உன் கமிட்டிதான் என்னைக் கூப்பிட்டிருக்கு, கண்ணு!"

ரெஜ் ஹில்டாவைப் பார்த்தான். அவள் மறுப்பாளோ என்று எதிர்பார்த்திருப்பான். அவள் போய் அவன் கோட்டை எடுத்து வந்தாள். ஒரு விருந்தாளிக்குச் செய்வது போலக் கைகளை நுழைத்துவிட்டு, காலரைச் சரிசெய்தாள். பிறகு பழக்கூடையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து அவன் பைக்குள் போட்டு, மேலே தட்டிவிட்டாள்.

"என் புருஷன் பெட்டி மேல இதை வெச்சது யாருன்னு எனக்குத் தெரியாது," என்றாள். "ஆனா வெக்க வெச்சது நீதான். எடுத்துட்டுப் போ."

அவன் படியில் இறங்கும்போது கால் தடுமாறியது. யாரும் பிடிக்கவில்லை. கடற்காற்று கோட்டின் வாலைத் தூக்கி அடித்தது. பை ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு தெரிய, அவன் தெருமுனை வரை போவதை ஹில்டா நின்று பார்த்தாள்.

பிறகு கதவைச் சாத்தித் தாழிட்டாள்.