நெஞ்சுக்கும் முதுகுக்கும் நடுவில்

முதலில் வலி வரவில்லை, மூச்சுதான் வரவில்லை. அறந்தாங்கியிலிருந்து கோட்டைப்பட்டினம் போகும் வழியில், விளக்கில்லாமல் நின்ற டிராக்டரில் எங்கள் கார் மோதியது. ஓட்டிய என் தம்பி முருகேசனுக்கு நெற்றியில் சிராய்ப்பு. பக்கத்தில் இருந்த எனக்கு நெஞ்சில் அம்மிக்கல்லை ஏற்றியதுபோல் இருந்தது.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஸ்டெர்னம் (நெஞ்சின் நடுவில் விலாக்கள் வந்து சேரும் தட்டை எலும்பு) முறிந்திருந்தது.

"இது ஒடைஞ்சா மேல் முதுகெலும்பையும் சந்தேகப்படணும்மா. தோள் மறைக்கிறதால எக்ஸ்ரேல அது சரியாத் தெரியாது. சி.டி. ஸ்கேன் பாக்குற வரைக்கும் எந்திரிக்காதீங்க, பொரளாதீங்க" என்றார் டாக்டர்.

வெளிநாட்டில் இருக்கும் ஆம்பளைக்குக் கெட்ட செய்தியை அப்படியே சொல்வது எங்கள் பக்கத்தில் கிடையாது. செத்தே போயிருந்தாலும் 'கொஞ்சம் சீரியஸா இருக்காங்க' என்றுதான் சொல்வோம். குவைத்தில் இருந்த என் வீட்டுக்காரருக்கும் 'சின்ன அடி' என்று சொல்லியிருந்தார்கள். மனுஷன் நம்புவாரா? ஸ்கேனுக்குக் காத்திருந்தபோது வீடியோ காலில் வந்துவிட்டார்.

"சின்ன அடிங்கிறீங்க, படுத்தே கெடக்கா! எந்திரிச்சு ஒக்காரச் சொல்லு, பாக்குறேன்."

"இந்தா ஒக்காருது மச்சான்" என்று முருகேசன் என் தோளுக்கடியில் கை கொடுத்தான். நாத்தனார் செல்வி இங்கிட்டு வந்து பிடித்தாள். "சிரிங்க மதினி, அண்ணன் பயந்துபோயி இருக்கு."

பாதிதான் நிமிர்ந்தேன். தோள்பட்டைகளுக்கு நடுவே எதுவோ நகர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நகர்ந்தது. அடுத்த நொடி இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை.

"ஐயோ, என் காலக் காணோமே!"

செல்வி ஓடிப்போய் என் காலைப் பிடித்தாள். அவள் கை எனக்குத் தெரியவில்லை. கீழே விழுந்த போனுக்குள்ளிருந்து அவர் என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

ஸ்கேனில் தொரசிக் எலும்பு (கழுத்துக்குக் கீழே, விலாக்கள் பொருந்தும் முதுகெலும்பு) முறிந்து விலகியிருந்தது.

"நெஞ்செலும்பு நல்லா இருந்தா முன்னாடி முட்டுக் கொடுக்கும். ரெண்டும் போனா முதுகுக்குப் பிடிமானமே இல்லம்மா. தண்டுவடத்துல (மூளையின் செய்தியைக் காலுக்குக் கொண்டுபோகும் நரம்புக் கற்றை) அழுத்துது. உடனே ஆபரேஷன் பண்ணணும்."

"நடப்பேனா டாக்டர்?"

"இப்ப சொல்ல முடியாது."

முருகேசனைத் திட்டக்கூட எனக்கு மூச்சில்லை. இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

முதுகில் கம்பியும் திருகாணியும் வைத்தார்கள். பிறகு பல நாள், நாலு பேர் சேர்ந்து கட்டையை உருட்டுவதுபோல் என்னை உருட்டினார்கள். ஒவ்வொரு முறையும் செத்துப் பிழைத்தேன். இப்படி அடிபட்டுக் கிடப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பார்க்க வருகிறவர்கள் அன்பாகத்தான் தூக்க வருவார்கள். வெட்கப்படாமல் கத்துங்கள்.

ஒரு நாள் இடது பாதம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. எரிகிறதே என்று சந்தோஷத்தில் அழுதேன். அப்புறம் வாக்கர், அப்புறம் சுவர்.

இப்போது நடக்கிறேன். ஆனால் அடுத்த மாசம் கல்யாணம் என்று யாராவது பத்திரிகை நீட்டினால் மனசு அவ்வளவு தூரம் போவதில்லை. அடுத்த மூச்சுவரைதான் போகிறது. வீட்டுக்காரர் குவைத்தை விட்டுவிட்டு வந்துவிட்டார்.

போன வாரம் தாளிக்கும்போது தும்மல் வந்தது. அடுப்பு மேடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தும்மினேன். கூடத்திலிருந்து அவர், பிள்ளைகள் தும்மினால் ஆயுசுக்குச் சொல்வதுபோல், "நூறு!" என்றார்.

"நூறெல்லாம் வேணாம். இங்கிட்டு வாங்க. என் காலு தரையில இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் சிரிக்கவில்லை. வந்து குனிந்து, என் இரண்டு பாதங்களையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "இருக்கு" என்றார்.