எழுபது சூரியன் அகல அகத்தியன்

அகத்தியனின் உயரம் நான்கடி பத்து அங்குலம். காலணியோடு ஐந்தடி வரும் என்று அவரே சொல்வார். தெப்ரா நகரில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஒருமுறை வேலைக்குப் புதிதாக வந்தவர், ஆளில்லாமல் வண்டி ஓடுகிறது என்று அலுவலகத்துக்குள் ஓடிப்போய்ப் புகார் சொன்னார்.

பெயர் வைத்தது அவருடைய அப்பா. குறுமுனியின் பெயரை வைத்தால் பிள்ளையும் குறுமுனியாகவே நின்றுவிடும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பள்ளியில் தொடங்கிய கேலி நாற்பத்தேழு வயதுவரை அகத்தியனோடு வந்தது.

இந்த மார்ச் மாதம், இடைநிலைப் பள்ளியில் படிக்கும் அவர் மகள் லோஷினி, அறிவியல் கண்காட்சிக்காகக் கனோபஸ் என்னும் நட்சத்திரத்தைப் பற்றிச் சுவரொட்டி தயாரித்தாள். தமிழில் அதற்கு அகத்தியர் நட்சத்திரம் என்று பெயர். இரவு வானில் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம். சுமார் எழுபது சூரியன்களை வரிசையாக வைத்தால்தான் அதன் அகலம் வரும். வெளிச்சம் சூரியனைப் போலப் பத்தாயிரம் மடங்கு. முந்நூறு ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. வகை, பிரகாசமான ராட்சத நட்சத்திரம்.

அந்தக் கடைசி வரியை அகத்தியன் மூன்று முறை படிக்கச் சொன்னார்.

மறுநாள் காலை வண்டியைக் கிளப்பும் முன்பே ஸ்டோர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. இனி யாரும் தன்னைக் குட்டை என்று கூப்பிடக் கூடாது என்று அகத்தியன் அறிவித்தார். சூப்பர்வைசர் சுஹைல் அலமாரியில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டார். ஆறடி உயரம், அதற்கேற்ற தொந்தி, பக்கத்து ஊரான கூலாயைச் சேர்ந்தவர்.

"அந்த ஸ்டாருக்கு அரபில என்ன பேரு தெரியுமா?" என்றார். "சுஹைல். அது என் பேரு லா."

ஸ்டோர் இரண்டு கட்சியானது. லாரியிலிருந்து சரக்கு இறக்குவதையே மறந்துவிட்டார்கள். அன்று ஓவர்டைம் முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் நின்று நேரிலேயே பார்த்துவிடுவது என்று முடிவானது.

எட்டு மணிக்குத் தெற்கே பார்க்க வேண்டும் என்று லோஷினி சொல்லி அனுப்பியிருந்தாள். தெற்கே ஒரு வெளிச்சம் ஜொலித்தது. அகத்தியனும் சுஹைலும் பத்து நிமிடம் அதை வாயாரப் புகழ்ந்தார்கள். முந்நூறு ஒளியாண்டு தாண்டி வந்தும் கண் கூசுகிறதே என்று சுஹைல் உருகினார். பிறகு அது மெல்ல இடப்பக்கம் திரும்பி ஒரு கட்டு இரும்புக் கம்பியைக் கீழே இறக்கியது. புதிதாகக் கட்டும் அடுக்குமாடியின் கிரேன் விளக்கு அது.

அசல் நட்சத்திரம் அதற்கு மேலே, வெள்ளையாக, அமைதியாக நின்றது.

யாருடையது என்று தீர்ப்புச் சொல்ல அகத்தியன் மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவள் சுவரொட்டியின் மீதிப் பாதியைப் படித்தாள். ராட்சத நட்சத்திரம் பிறக்கும்போதே அவ்வளவு பெரிதாக இருப்பதில்லையாம். வயதாகி, நடுவில் உள்ள ஹைட்ரஜன் தீர்ந்த பிறகுதான் ஊதிப் பெருத்துவிடுமாம்.

சுஹைல் தன் வயிற்றைப் பார்த்தார். அகத்தியனும் அதையே பார்த்தார்.

"சரி, உங்க ஸ்டாராவே இருக்கட்டும் லா," என்றார் சுஹைல்.

அகத்தியன் தன் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டார். நடுப்பொத்தான் ஆறு மாதமாகவே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. "வேணாம் சார். நீங்களே வச்சுக்குங்க."

"அப்பா, ரெண்டும் ஒரே ஸ்டாரோட பேருதான்," என்றாள் லோஷினி. "அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்க, வாங்க."

பெரிய மனது பண்ணி இருவரும் அதைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அந்த ஒற்றுமையில், ஏப்ரலில் நடந்த தொழிற்சாலைப் பூப்பந்துப் போட்டியில் ஜோடி சேர்ந்து 'கனோபஸ்' என்று பெயர் கொடுத்தார்கள். முதல் சுற்றிலேயே இருபத்தொன்றுக்கு நான்கு, இருபத்தொன்றுக்கு இரண்டு என்று தோற்றார்கள். அந்த ஆறு புள்ளியும் தான் எடுத்தவை என்று அகத்தியன் சொல்கிறார். சுஹைல் அதை மறுக்கவில்லை. அவருக்கு இன்னும் மூச்சு வாங்குவது நிற்கவில்லை.