குடை பிடித்த தேர்தல்

எங்கள் குடும்பத்தில் அரசியலில் இறங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களும் நாலைந்து சிங்களக் கிராமங்களும் சேர்ந்த தொகுதிக்கு ஐந்து வருஷம் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர். இன்னொருவர் நான். என் அரசியல் வாழ்வு ஒன்பது வயதில், ஒரே பிற்பகலில் தொடங்கி முடிந்தது.

மாமாவின் சின்னம் குடை. எங்கள் தோட்டத்தில் சொந்தமாகக் குடை வைத்திருந்தவர் கணக்கப்பிள்ளை ஒருவர்தான். மற்றவர்களுக்கு மழைக்குக் கம்பளி. இருந்தாலும் முதல் தேர்தலில் ஜனம் மொத்தமும் குடைக்கே போட்டது. மாமா கொழும்புக்குப் போனார், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டுப் பேசினார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பிரஜாவுரிமைச் சட்டம் ஒன்று வந்து, அவருக்கு ஓட்டுப் போட்டவர்களின் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து எடுத்துவிட்டது.

இது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. லயத்தில் எல்லோருக்கும் அதே பேச்சுத்தான். ஆனால் எங்கள் வீட்டுச் சேவலும் ஒருமுறை காணாமல் போய் மூன்றாம் நாள் தானாகவே வந்து சேர்ந்திருந்தது. ஓட்டும் அந்த வகைதான் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த தேர்தல் வந்தது. கடைசி நாள் பிரசாரத்துக்கு என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள். மாமா பேசும்போது மண்ணெண்ணெய்ப் பெட்டி மேல் ஏறி நின்று, அவர் தலைக்கு மேல் குடையை விரித்துப் பிடிக்க வேண்டியது என் பொறுப்பு. பத்து இடத்தில் பிடித்ததில் கை வலித்தது; பேச்சு மனப்பாடமானது.

பொழுது சாயும் நேரத்தில் சந்தியில் கார் நின்றது. இடது கைப்பக்கம் கிராமம், வலது கைப்பக்கம் எங்கள் தோட்டம். இரண்டுக்கும் போக வெளிச்சம் போதாது.

"கிராமத்துக்குத்தானுங்களே ஐயா?" என்றார் டிரைவர் அண்ணன்.

"தோட்டத்துக்கு விடு."

"கிராமத்துலதான் ஓட்டு இருக்குங்க. தோட்டத்துல மாலைதான் இருக்கு."

"மாலை போட்டவங்கள பாக்காம போறதாப்பா? விடு."

நான் மாமாவின் கட்சி. கூட்டம் எங்கே அதிகமோ அங்கே போவதுதானே அரசியல்?

தோட்டத்துக்குள் கூட்டம் போடத் துரை விடமாட்டார். அதனால் மாமா அரசாங்க ரோட்டில் மதகுக்குப் பக்கத்தில் நின்றார். ஜனம் தேயிலைச் சரிவில் நின்றது. கொழுந்தை எடை போட்டுவிட்டு நேராக வந்த பெண்கள் கூடையைக்கூட இறக்கவில்லை. அந்தத் தேர்தலில் அத்தனை பெரிய கூட்டத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. செவ்வந்தி மாலைகள் மாமாவின் காதுவரை ஏறின. ஜெயித்துவிட்டோம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"தாய்மார்களே, பெரியோர்களே" என்று மாமா ஆரம்பித்தார். "நாளைக்குக் காலையில நீங்க எல்லாரும்..."

நின்றுவிட்டார்.

நான் பொறுத்துப் பார்த்தேன். பள்ளிக்கூட நாடகத்தில் வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுத்துப் பழகியவள் நான். அவர் காதருகே குனிந்து, சரிவின் உச்சிவரை கேட்கும் குரலில், "குளிச்சு முழுகிப் போயி, குடைக்கு நேரா ஒரு புள்ளடி போடுங்க. அதான் மாமா அடுத்தது" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. முன்னால் நின்ற ஒரு பெண் கூடைக்கயிற்றை நெற்றியிலிருந்து தள்ளிக்கொண்டு, "புள்ள சரியாத்தான் சொல்லுது. எங்க பேருதான் இடாப்புல இல்லையாம். விடியக்கால வேலைப் பெரட்டுல மட்டும் ஒருநாள் தவறாம பேரு கூப்புடுறாங்க" என்றாள்.

அதற்குச் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். பிறகு, பேச்சை விட்டுவிட்டு அவளிடம், "குழாயில தண்ணி வருதா?" என்று கேட்டார்.

"மழை பேஞ்சா வருதுங்க."

மாமா கைகூப்பினார். கூப்பிய கையை இறக்கவே இல்லை. சரிவில் இருந்தவர்களும் கூப்பினார்கள். எனக்குக் கை கடுத்தது. பேச்சில் முக்கால்வாசி பாக்கி வேறு.

காரில் ஏறியதும் கேட்டேன்: "பேச்ச முடிக்கவே இல்லையே மாமா?"

"நீ முடி தாயி."

மாலைகளுக்கு நடுவே உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு அவர் மேல் சாய்ந்துகொண்டே முழுப் பேச்சையும் ஒப்பித்தேன். கடைசியில் அவரைப் போலவே கைகூப்பி, மறக்காமல் ஓட்டும் கேட்டேன். அவர் தலை குனிந்து, கேட்டு முடித்து, "சரி தாயி, போட்டுடுறேன்" என்றார். டிரைவர் அண்ணன் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மாமா தோற்றார். அதன் பிறகு அவர் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. நானோ, ஓர் ஓட்டுச் சேர்த்துக் கொடுத்த பெருமையில் பள்ளிக்கூடத்தில் நெடுநாள் தலைநிமிர்ந்து நடந்தேன்.

பிரஜாவுரிமைக்கு அம்மாவும் மாமாவும் ஒரே நாளில்தான் மனுப் போட்டார்களாம். ஒரே லயத்து அறையில் பிறந்தவர்கள். அவருக்குக் கிடைத்தது, அம்மாவுக்கு இல்லை. அப்பாவுக்கு இல்லை, டிரைவர் அண்ணனுக்கும் இல்லை. அன்றைக்கு அந்தச் சரிவிலும் காரிலுமாக இருந்த அத்தனை பேரில் ஓட்டு இருந்தது மாமா ஒருவருக்குத்தான். கைகூப்பி நான் கேட்டு வாங்கியது அதைத்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.