பாண்டீஸ்வரியின் பச்சை ரிப்போர்ட்

"ஓடைப்பட்டியில மிசினுக்கு மிசினே பரீட்சை வைக்குதாம்ல. உங்கூடப் படிச்ச பாண்டீஸ்வரிதான் செஞ்சிருக்காளாம். பால் சொசைட்டியில பேசிக்கிட்டாக" என்று தேவதானப்பட்டியிலிருந்து மகாலட்சுமி மதினி போனில் சொன்னாள். டப்ளினில் உட்கார்ந்து கேட்ட எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வயிறு எரிந்தது. விஷயம் உண்மை.

பாண்டீஸ்வரியும் நானும் ஒரே கம்பெனி. எழுதிய நிரல்களைத் திரட்டிக் கட்டி சர்வருக்கு அனுப்புவது பில்ட் ஸ்கிரிப்ட். அதைச் சோதிக்க ஒரு கருவி; நிரல்களைச் சோதிக்க யூனிட் டெஸ்ட் தனியாக. ஸ்கிரிப்ட் சோதனை தோற்றால் அந்தச் செய்தி ஒரு மூலையில் கிடக்கும், ஒருத்தரும் பார்ப்பதில்லை. இரண்டையும் ஒரே ரிப்போர்ட்டில் காட்டுபவருக்கு டீம் லீட் பதவி. என் விசா அந்தப் பதவியில்தான் தொங்குகிறது.

நான் இரண்டு ரிப்போர்ட்டையும் கடைசியில் ஒட்டப் பார்த்தேன், ஒட்டவில்லை. அவளோ ஸ்கிரிப்டின் ஒவ்வொரு சோதனையையும் யூனிட் டெஸ்ட்டே தன்னுடையது என்று எண்ணி ஓட்டும்படி செய்துவிட்டாள்.

வெளிநாட்டு வாய்ப்பு அவளுக்கும் வந்ததுதான். "கவாத்து நேரத்துல எங்கிட்டு வர?" என்று தட்டிவிட்டாள். கணவர் லிங்கேஸ்வரன் ஓடைப்பட்டியில் திராட்சை போடுகிறார்; அங்கிருந்தேதான் இவள் வேலை. பழப்பெட்டி அடுக்கும் அறையில்தான் இவள் மேசை. மீட்டிங்கில் மைக்கை அணைக்க மறந்து, "ஆத்தா, அழுகுனத அங்கன போடாதீக" என்பாள். இங்கே எல்லோரும் ஆசையாகச் சிரிப்பார்கள். பார்த்துப் பார்த்து நான் பேசும் ஆங்கிலத்துக்கு ஒருவரும் முகம் மலர்ந்ததில்லை.

நேற்று அழைத்தேன்.

"என்னடி அயர்லாந்துக்காரி, வாழ்த்தா, வயித்தெரிச்சலா?"

"ரெண்டுந்தான்."

"தெரியும்டி. என் லேப் மார்க்கப் பாத்துட்டுச் சோறு திங்காமக் கெடந்தவதான நீயி!"

இன்று காலை அவள் நிரலைத் திறந்தேன். குறை கண்டுபிடிக்கத்தான். கிடைத்தது. பில்ட் பாதியில் நின்றால் 'தோல்வி' என்று போடாமல் 'தவிர்க்கப்பட்டது' என்று போட்டிருக்கிறாள். ஓடைப்பட்டியில் பாதியில் நின்றால் கரண்ட் போயிருக்கும், நெட் அறுந்திருக்கும். அதற்கெல்லாம் தோல்வி போட்டால் நாள் முழுக்கச் சிவப்புதான். இங்கே சர்வர் அறையில் கரண்ட் போவதில்லை. பாதியில் நின்றால் ஸ்கிரிப்டே செத்துவிட்டது என்று அர்த்தம். 'தவிர்க்கப்பட்டது' தோல்விக் கணக்கில் வராது; ரிப்போர்ட் மட்டும் பச்சையாக நிற்கும்.

மதியம் மேனேஜர் ஜோயல் அவள் நிரலை எல்லாக் குழுக்களுக்கும் ஏற்றப்போகிறார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அவள் பேர் நாறிவிடும். ஜோயலுக்கு எழுதினால் பேர் எனக்கு. அவளிடமே சொன்னால் ஒரே வரியில் திருத்திவிட்டு டீம் லீடாகிவிடுவாள்.

ஜோயலுக்கு மெயிலை எழுதியும் முடித்தேன். அனுப்பக் கை வரவில்லை. ஓடைப்பட்டியின் கரண்ட் கட் தடுக்கி அவள் விழுந்தால் பதவி எனக்கு வரும். ஆனால் அவளை நான் ஜெயித்ததாக ஆகுமா?

பல்லைக் கடித்துக்கொண்டு அவள் நம்பரைப் போட்டேன். எடுக்கவில்லை. அங்கே இப்போது லாரிக்குப் பெட்டி ஏற்றுகிற நேரம். மறுபடி போட்டேன். 'ஆரம்பிக்கிறோம்' என்று ஜோயலின் செய்தி திரையில் வந்து விழுந்தது. எடுடி பாண்டீஸ்வரி. பக்கத்திலேயே மெயில் திறந்து கிடக்கிறது. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.