தாடை உடைந்தவருக்கு வஞ்சிரம்

போன வருஷம் ஆடி மாதம். தேவனாம்பட்டினத்திலிருந்து கடலூர் வந்து சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். மடியில் ஒன்றரைக் கிலோ வஞ்சிரம். மீன்காரர்கள் நாங்கள் ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற வழக்கமில்லை.

பார்க்கப் போனது என் தம்பி அடித்த ஆளை. முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏற்ற வந்த லோடு ஆட்டோக்காரர். அங்கே மீனுக்கு ஐஸ் போடுகிற தம்பியிடம், ஐஸ் ஏன் கம்மியாகப் போட்டாய் என்று கேட்டிருக்கிறார். வாய்த்தகராறு முற்றி, ஐஸ் உடைக்கிற கட்டையாலேயே தம்பி அவர் முகத்தில் அடித்துவிட்டான். தம்பி ஜெயிலில் இருந்தான். அடிபட்டவர் மனமிரங்கி, ஜாமீனுக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்பது என் கணக்கு. அங்கெல்லாம் போகவே கூடாது என்று வக்கீல் சொன்னார். கேட்டேனா நான்?

பஸ் முழுக்க மனசுக்குள் ஒத்திகை. சுனாமியில் அப்பா போனது, அப்போது தம்பிக்கு ஏழு வயது, பள்ளிக்கூடத்தை விட்டுக் கூடை தூக்கியது, அம்மா படுத்த படுக்கையானது. எல்லாம் நிஜம். கேட்டால் யாருக்கும் மனசு இளகும் என்று நம்பினேன்.

ஆட்டோக்காரரின் மனைவிதான் கதவைத் திறந்தார். யாரென்று சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், உட்காரச் சொன்னார். மீன் பையை நீட்டினேன். பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடமே தந்தார்.

"அவுரால வாயத் தொறக்க முடியாதுக்கா. தாடைய கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க. கஞ்சிதான், அதுவும் ஸ்ட்ரா வச்சி."

அடிப்பாவி, தாடை உடைந்தவருக்கா வஞ்சிரம் என்று என்னையே வைதுகொண்டேன். கூசிப்போனது. அப்படியும் வாய் நிற்கவில்லை. சுனாமியில் தொடங்கி அம்மா வரை கொட்டினேன். ஸ்ட்ரா போட்ட கஞ்சி டம்ளரைக் கையில் பிடித்தபடி கட்டிலில் இருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மாதான் பேசினார்.

"உங்க தம்பி பட்டது கஷ்டந்தாங்கா. இல்லன்னு சொல்லல. ஆனா அதுக்கு இவுரு என்னா பண்ணாரு?"

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். திரும்புகிற பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போதுதான் உறைத்தது. அவ்வளவு பேசியதில் 'மன்னிச்சிடுங்க' என்ற ஒரு வார்த்தை இல்லை. ஒத்திகையிலேயே இல்லையே! இறங்கித் திரும்பிப் போகலாமா என்று தவித்தேன். தைரியம் வரவில்லை.

மறுநாள் ஜெயிலில் தம்பி முதலில் கேட்டது, "நம்ம கஷ்டத்தையெல்லாம் சொன்னியாக்கா?"

"எல்லாத்தையும் சொன்னேன்டா. மன்னிப்பு மட்டும் கேக்கல. அத மொதல்ல நீ கேளு" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் சோற்றை வாயில் வைத்து மெல்லும்போதெல்லாம் அந்தக் கஞ்சி டம்ளரும் ஸ்ட்ராவும்தான் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கின்றன.